தங்கராசுன்னு போட்டுக்கோ

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், சிப்காட்டில் வேலை செய்கிறவர்களோடு பேச வேண்டுமாம் என்று யாரோ சொன்னதும் தங்கராசு முதலில் செய்த காரியம் செருப்பைத் தேடியதுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெருவில், காண்ட்ராக்ட் வேன் வந்து நிற்கிற டீக்கடையில், வேன் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்றைக் கூட வேலை செய்யும் சாமிக்கண்ணு காலால் மிதித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான்.

“எங்க ஓடுற மாமா? அந்தப் பொண்ணு கடிச்சிடாது.”

“கம்பெனி அனுப்புன ஆளா இருக்கும். கால எடுறா.”

“கம்பெனி ஆளு பஸ்ல வருமா? கார்ல வரும். இது புவனகிரியிலருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துருக்குது. மூஞ்சியப் பாரு, வெயில்ல வாடிப் போயி.”

எழுதிக்கொண்டு போகிறவர்களைத் தங்கராசு நிறையப் பார்த்திருந்தார். சுனாமிக்கு அப்புறம் வந்தார்கள். புயலுக்கு அப்புறம் வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினபோது பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருத்தராவது திரும்பி வந்து, இன்னதுதான் எழுதினேன் என்று படித்துக் காட்டியதில்லை. வாய் திறந்தவன் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். இது தங்கராசு வாழ்க்கையில் கற்றுக்கொண்ட பாடம். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றுக்கொண்டது அதிகமில்லை.

அதற்குள் அந்தப் பெண் எதிரில் வந்து நின்றுவிட்டாள். வெண்மதி என்று பேர் சொன்னாள். தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லையாம்.

“உங்க பேரு என்னங்க ஐயா?”

தங்கராசு வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: “மணவாளன்.”

அவன் பொய் சொல்லவில்லை. கம்பெனி கேட்டில் அவர் மணவாளன்தான். வெளி ஆள் எதிரில் கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிற பேரைத்தான் சொல்ல வேண்டும் என்பது வேன் ஆட்களுக்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இருந்த ஏற்பாடு.

மணவாளன் என்பவன் தங்கராசுவின் மச்சினன். அவர் சம்சாரம் லோகநாயகியின் தம்பி. சாயத்துக்கு மருந்து தயாரிக்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போய் நின்றார்கள். மச்சினன் வாலிபன், அவனை எடுத்துக்கொண்டார்கள். தங்கராசுவுக்கு வயசு ஜாஸ்தி, நெஞ்சில் இரைப்பு வேறு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மணவாளன் கொஞ்ச நாள் வேலை செய்தான், பிறகு ஏஜென்ட்டைப் பிடித்து சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அட்டை வீட்டில் கிடந்தது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சேரன் ஒரு நாள் வீட்டுக்கே வந்தான்.

“அட்டைய ஏன் மாமா சும்மா போட்டு வெச்சிருக்க? எனக்கு ஆளு கணக்கு வரணும். நீ வா.”

“போட்டாவுல அவன் இருக்கானே.”

“மூஞ்சிய எவன் பாக்குறான்? எலும்பும் தோலுமா எல்லாம் ஒண்ணுதான். ஹெல்மெட்டு இருக்கு, மாஸ்க்கு இருக்கு.”

கேட்டில் விரல் வைக்கிற மெஷின் இருந்தது. ஆனால் மருந்தில் ஊறி ஊறி வேன் ஆட்களுக்கு விரல் ரேகை மழுங்கிப் போயிருந்தது, மெஷின் யாரையும் எடுக்காது. செக்யூரிட்டி சலித்துப் போய், “அட்டையக் காட்டிட்டுப் போங்கய்யா” என்று விட்டுவிட்டான். அதிலிருந்து தங்கராசு மணவாளனாக உள்ளே போய், மணவாளனாக வெளியே வந்தார். வேனில் பாதிப் பேர் அப்படித்தான். அண்ணன் அட்டையில் தம்பி, மாமனார் அட்டையில் மருமகன். சாமிக்கண்ணுவே அவன் சித்தப்பா மகன் அட்டையில்தான் போய்க்கொண்டிருந்தான். யாருக்கும் இது திருட்டு என்று படவில்லை. வேலை செய்கிறவன் செய்கிறான், பேர் எவனுடையதாக இருந்தால் என்ன?

வெண்மதி ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டினாள். பேசுவதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“நான் எழுதுறப்ப உங்க சொந்தப் பேரப் போட மாட்டேன் ஐயா. வேற பேருதான் போடுவேன். கம்பெனி பேரும் வராது. எது யார் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது.”

“ஒனக்குத் தெரியுமில்ல?”

“எனக்குத் தெரியும். எங்க சாருக்குத் தெரியும். இந்தத் தாள் அவரு பீரோவுல பூட்டி இருக்கும்.”

“பீரோவுக்கு சாவி ஒண்ணுதானா?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, ‘மணவாளன்’ என்று கையெழுத்துப் போட்டார். சம்பளத் தாளில் போட்டுப் போட்டு அந்தக் கையெழுத்து அவருக்குச் சொந்தக் கையெழுத்தை விட நன்றாக வந்தது.

“புத்தகத்துல என்ன பேரு போடட்டும்? நீங்களே ஒண்ணு சொல்லுங்க.”

சாமிக்கண்ணு அவளுக்குச் சினிமா நடிகன் ஒருத்தன் பேரைக் கொடுத்திருந்தான். தங்கராசு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“தங்கராசுன்னு போட்டுக்கோ.”

டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவுக்குப் புரை ஏறிவிட்டது.

அவள் போன பிறகு, “உனக்கு என்ன கிறுக்கா?” என்று கேட்டான்.

“போடா. கேட்டுக்குள்ள தங்கராசுன்னு ஒருத்தன் இருக்கானா? லிஸ்ட்ட வெச்சுத் தேடட்டுமே. பீரோவ ஒடச்சாலும் மணவாளன். அவன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன எவன் புடிப்பான்? ரெண்டு பக்கமும் கதவு சாத்தியாச்சு.”

அவருக்கு அதில் பெருமை. படித்த பெண்ணை ஏமாற்றிவிட்டோம் என்பதை விட, தப்பிக்க ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை.

அந்தச் சந்து கிடைத்த பிறகு அவர் பேசினார். அதுவரை யாரிடமும் அவ்வளவு பேசினதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முதலில் தலையை ஆட்டினார், அப்புறம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அப்புறம் அவளே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டும்போது மேலே கயிறு பிடிக்கிறவன் பீடி குடிக்கப் போய்விட்டதைச் சொன்னார். பர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு கேன்டீன், காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொட்டகை, இரண்டிலும் ஒரே சாம்பார், ஆனால் காண்ட்ராக்ட் ஆள் அதைத் தூக்கிக்கொண்டு எதிர் வெயிலில் நடக்க வேண்டும் என்றார். அமோனியா கசிந்த அன்று பர்மனென்ட் ஆட்கள் கேட்டுக்கு ஓடியதையும், இவர்களைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னதையும் சொன்னார். சோறு பிசைந்தால் கையில் மருந்து வாசம் என்பதால் வீட்டில் ஸ்பூனில் சாப்பிடுவதைச் சொன்னார். அதைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் ‘கலெக்டரு’ என்று கூப்பிடுகிறார்கள் என்றார். வெண்மதி சிரிக்கப் பார்த்து, சிரிக்கவில்லை.

தன் பேரில் பேசினார். மணவாளன் என்று பேசியிருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பார்.

ஒரு வருஷமோ என்னவோ கழித்து அவள் போன் செய்தாள். பட்டம் வாங்கிவிட்டாளாம், டாக்டராம்.

“எனக்கு எரைப்புக்கு மாத்திரை எழுதிக் குடுப்பியா?” என்று கேட்டார்.

“அந்த டாக்டரு இல்லைங்க ஐயா.”

“அப்ப என்னாத்துக்கு?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

*

டேங்கரிலிருந்து ஆசிட் இறக்கும்போது குழாய் மூட்டு கழன்றது. மூட்டுக்குக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். கிளிப் இல்லை, கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். தங்கராசு முகத்தைத் திருப்பினார், பாதிதான் திருப்ப முடிந்தது. இடது கண் அன்றைக்கே போய்விட்டது. கன்னமும் காதும் மெழுகு உருகி இறுகின மாதிரி ஆயின.

சேரன்தான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சீட்டில் மணவாளன் என்று எழுதினார்கள். அதுவரை எல்லாம் பழைய ஏற்பாடுப்படி நடந்தது. வேலையில் ஊனமானவனுக்கு மாசாமாசம் வர வேண்டிய பென்ஷனுக்கு எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. அதற்கு மணவாளன் போனுக்கு ரகசிய நம்பர் வரும் என்றார்கள். வந்தது, சிங்கப்பூரில். மணவாளன் ஆதாரோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். முகத்தைப் படம் பிடிப்பார்களாம்.

மணவாளன் போனில் அழுதான். “நான் வேணா லீவு போட்டுட்டு வந்து நிக்கட்டா மாமா?”

லோகநாயகி போனைப் பிடுங்கினாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப் போன விரல்கள் அவளுக்கு. “வந்து? ஒனக்கு ரெண்டு கண்ணும் நல்லால்ல இருக்குது. ஒண்ணக் குத்திக்கினு வர்றியா?”

அந்தப் பக்கம் மணவாளன் மூக்கை உறிஞ்சினான். பிறகு, “என்னை மட்டும் மாட்டி வுட்டுறாதக்கா. பர்மிட்டு புதுப்பிக்கணும்” என்றான்.

இதற்குள் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. அட்டைக்காரன் வெளிநாட்டில் இருக்கிறான், அவன் அட்டையை வைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத ஆள் உள்ளே நுழைந்திருக்கிறான், அவனுக்கு நேர்ந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். காண்ட்ராக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். கீழே சாட்சி சேரன்.

சேரன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“நீ யாருன்னே எனக்குத் தெரியாதுன்னுதான் எழுதிக் குடுத்துருக்கேன் மாமா. மனசுல வெச்சுக்காத. போலீஸ்ல குடுக்கப் போனாங்க, நான்தான் கால்ல வுழுந்து தடுத்தேன்.”

“யாருன்னே தெரியாதவனுக்கு என்னாத்துக்குடா பழம்?”

சேரன் தலையைக் குனிந்துகொண்டு பழத்தை வைத்துவிட்டுப் போனான். லோகநாயகி அதைத் தொடவில்லை. தங்கராசு உரித்துத் தின்றார். பழம் என்ன செய்தது?

தொழிற்சங்கத்து ஆள் எழிலன் கடலூரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டான். இளவட்டம், வேகமாகப் பேசுவான். “தங்கராசுங்கிற நீங்கதான் அங்க வேலை செஞ்சீங்கன்னு காட்டணும். உங்க பேரும் அந்த வேலையும் சேந்து இருக்கிற மாதிரி ஒரு காகிதம் இருக்கா? இல்லன்னா கூட வேலை செஞ்ச ஒருத்தர் வந்து சொல்லணும்.”

சாமிக்கண்ணுவிடம் கேட்டார். சாமிக்கண்ணு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னான்.

“வந்து சொல்றேன் மாமா. சொன்னா, நீ யாருடான்னு கேப்பான். நான் யாருன்னு சொல்ல? அப்புறம் அந்த வேன்ல பாதிப் பேரு எறங்கணும். ஆனா நீ கூப்புட்டா வர்றேன். வரமாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

அவன் வீட்டு வாசலில் அவன் மகள் இளவரசி பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். தங்கராசு, “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாதி வழியில்தான் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. தங்கராசு என்று பேர் போட்டு, அந்த வேலையைப் பற்றி, உலகத்திலேயே ஒரு காகிதம் உண்டு.

*

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் சிப்காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடம் வந்ததும் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். தங்கராசு சாத்தவில்லை. பார்வை இருந்த கண் அந்தப் பக்கம் இல்லை, அதனால் கேட்டையும் பார்க்கவில்லை.

வெண்மதி இப்போது ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாளாம். வகுப்பு முடித்துவிட்டு பல்கலைக்கழக நூலக வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“இப்ப ஸ்பூன்ல சாப்புடுறது கொறஞ்சிருச்சு” என்றார் தங்கராசு. “கையில வாசம் போயிருச்சு.”

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். தடித்த அட்டை போட்டு, தங்க எழுத்தில் அவள் பேர். புரட்டி ஒரு பக்கத்தை நீட்டினாள். தங்கராசு ஒரு கண்ணை அதற்குக் கிட்டத்தில் வைத்து, விரலை ஓட்டி, வாய்விட்டுப் படித்தார். ‘தங்கராசு, ஒப்பந்தத் தொழிலாளி, மேல்பட்டாம்பாக்கம் பகுதி.’ கீழே அவர் சொன்னது, அவர் சொன்ன மாதிரியே. கயிறு பிடிக்கிறவன் பீடி குடிக்கப் போனது. சாம்பார். கலெக்டரு.

கூட வந்த லோகநாயகிக்குப் படிக்கத் தெரியாது. “இது நீ சொன்னதா?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“இவ்வளவு பேசுவியா நீ?”

அவளிடம் அவர் இதில் ஒன்றையும் சொன்னதில்லை.

“இத ஆபீசுல காட்டணும்மா” என்றார் வெண்மதியிடம். “இதுல என் பேரு இருக்குது.”

“காட்டலாம் ஐயா. ஆனா இது நீங்க சொன்ன மாத்துப் பேருதானே?”

“மாத்துப் பேரு இல்ல. எங்கப்பன் எனக்கு வெச்ச பேரு.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அட்டையின் கதையை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள். இவ்வாய்வில் இடம்பெறும் தொழிலாளர்களின் பெயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டவை.

“இது போடணும்னு விதி ஐயா. உங்கள எல்லாம் காப்பாத்தத்தான்.”

“எல்லா பேரும் மாத்துனது, இது ஒண்ணு மட்டும் நெசம்னு சொல்லு.”

“சொல்லுவேன். ஆனா சம்மதத் தாளக் கொண்டான்னு கேப்பாங்க. அதுல நீங்க மணவாளன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் இத்தன நாளும் உங்க பேரு மணவாளன்னுதான் நெனச்சிருந்தேன்.”

“அந்தத் தாளக் கிழிச்சுப் போடு. இப்பவே வேற தாள் குடு, தங்கராசுன்னு போட்டுத் தர்றேன்.”

“அப்படிச் செய்ய முடியாதுங்க ஐயா.”

“ஏன் முடியாது? பீரோவுல பூட்டிதான இருக்குது. சாவி உங்க சாரு கையில. ஒரு கண்ணு போனவனுக்காக ஒரு தாளு கிழிக்க முடியாதா?”

அவள் புத்தகத்தை மூடினாள். தங்கராசு எழுந்துவிட்டார். எல்லாரும் ஒரே மண்ணில் செய்த சட்டி என்று முனகினார். லோகநாயகிதான் வெண்மதியின் கையைப் பிடித்து, “அது வலியில பேசுது. நீ வருவியில்ல?” என்றாள்.

“வருவேன். நடந்தத நடந்தபடி சொல்லுவேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

*

வந்தாள். கல்லூரியில் லீவு தரவில்லை, சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாளாம். கடலூர் அலுவலகத்தில் ஃபேன் சத்தத்துக்குக் கீழே ஒரு மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி. கம்பெனி வக்கீல் மரியாதையான ஆள். குரலை உயர்த்தவே இல்லை. புத்தகத்தை அவளிடமே நீட்டினார்.

“முதல்ல இந்த வரியப் படிங்க மேடம்.”

படித்தாள்.

“அனைத்தும்னா?”

“எல்லாப் பேரும்.”

“தங்கராசுங்கிறதும்?”

“அது அவரோட சொந்தப் பேருன்னு இப்பதான் சார் எனக்குத் தெரியும்.”

“இப்ப தெரிஞ்சது அவர் சொல்லித்தானே. அப்ப அவர் உங்ககிட்ட சொன்ன பேரு?”

“மணவாளன்.”

“கையெழுத்து?”

“மணவாளன்.” பிறகு அவசரமாகச் சொன்னாள்: “ஆனா பல ஞாயித்துக்கெழம இவர்கிட்டதான் சார் பேசினேன். இதே மனுஷன்தான். உள்ள வேலை செய்யாத ஒருத்தருக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்காது.”

“உள்ள வேலை செஞ்சத நீங்க பாத்தீங்களா?”

“உள்ள என்னை விடல.”

“டீக்கடையில பேசுனதுதான்.”

“ஆமா.”

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தங்கராசு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பொய்யாவது வருமா என்று. வரவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, அந்தத் தாளுல ஏன் மணவாளன்னு போட்டீங்க?”

“பயந்துக்கினு.”

“பாருங்க. கேட்டுல மணவாளன், ஆஸ்பத்திரியில மணவாளன், யுனிவர்சிட்டி தாளுல மணவாளன். தங்கராசுன்னு இருக்கிற ஒரே எடத்துல, இது மாத்துன பேருன்னு எழுதியிருக்கு. நான் எதப் புடிச்சுக்கிட்டு எழுதறது? உங்ககூட உள்ள வேலை செஞ்ச ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து சொல்லட்டும். நான் எழுதறேன். யாரு இருக்கா?”

எழிலன் தங்கராசுவின் முழங்கையைத் தொட்டான். அவனுக்குச் சாமிக்கண்ணுவைத் தெரியும். சாமிக்கண்ணு ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல், வெளியே வேப்பமரத்து நிழலில் குந்திக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். கூப்பிட்டால் வருவேன் என்று சொன்னவன், கூப்பிடாமலே பஸ் ஏறி வந்திருந்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் முதுகு தெரிந்தது. தங்கராசு பார்த்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு முழு வேனும் மனசில் தெரிந்தது. ஒவ்வொருத்தனும் யார் அட்டையில் போகிறான் என்று அவருக்குத் தெரியும். வக்கீல் ஒரு பக்கமும் திரும்பாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரும் இல்லைங்க” என்றார் தங்கராசு.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன். யாரும் இல்ல.”

எழுதிக்கொண்டார்கள். மனு நிரூபணமாகவில்லை.

வெளியே வந்ததும் எழிலன் கத்தினான். உங்களுக்காக நாயாய் அலைந்தேனே என்றான். சாமிக்கண்ணு எழுந்து வந்து, “என்னாச்சு மாமா? கூப்புடுவாங்கன்னு பாத்தேன்” என்றான்.

“ஒன்ன எவன்டா கூப்புடுறான்? போயித் தூங்கு.”

சாமிக்கண்ணு அவர் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வெண்மதி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் அந்தப் புத்தகம்.

“நூலகக் காப்பியில ஒண்ணும் செய்ய முடியாது ஐயா. இது என்னோடது. அந்த வரிக்குக் கீழ, ஒருத்தர் பேரு மட்டும் சொந்தப் பேருன்னு என் கையால எழுதி வெக்கிறேன். அதையாவது செய்யிறேன்.”

“வேணாம்.”

“ஏங்க ஐயா?”

“ஒண்ணு நெசம்னு எழுதுனா, மத்ததயும் சொரண்டிப் பாப்பான். எல்லாம் பொய்யின்னே இருக்கட்டும்.” பிறகு, “சம்பளத்தப் புடிச்சுட்டாங்களா?” என்று கேட்டார்.

“புடிப்பாங்க.”

“அட்டை இருக்குதா ஒனக்கு, காலேஜில?”

“இருக்கு. வருஷா வருஷம் மாத்துவாங்க.”

“பத்தரமா வெச்சுக்கோ” என்றார்.

*

மழை விட்ட பிறகு சேரன் ஒரு நாள் வந்தான். இந்தத் தடவை பழம் இல்லை. திண்டிவனத்துக்காரர் ஒருத்தர் வேறு யூனிட்டில் கூட்டிப் பெருக்க, மூட்டை அடுக்க ஆள் எடுக்கிறாராம். சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம், ஒரு கண்ணே போதும். ஆனால் தங்கராசு என்ற பேர் இப்போது எல்லாக் காண்ட்ராக்டருக்கும் தெரியும். கேஸ் போட்ட பேர்.

லோகநாயகி உள்ளே போய்விட்டாள். அவள் விரல்கள் வெடித்துப் போய் முந்திரி உடைக்க முடியாமல் கொஞ்ச நாளாக வீட்டில் இருந்தாள்.

“யாரு அட்டை?” என்று தங்கராசு கேட்டார்.

“ஒரத்தூர் பையன். வெளியூரு போயிட்டான். பேரு தணிகாசலம்.”

தங்கராசு அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினார். ‘ணி’ சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை புது வேன். யாரும் யாரோடும் பேசவில்லை. சிப்காட் ரோட்டில் திரும்பியதும் பழைய வாசம் வந்தது. கேட்டில் விரல் மெஷின் மூன்று தடவை சிவப்பு காட்டியது. செக்யூரிட்டி சலித்துக்கொண்டு அட்டையைக் கேட்டான். தங்கராசு ஹெல்மெட்டைக் கீழே இறக்கி, மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு நீட்டினார்.

“பேரு?”

“தணிகாசலம்.”

அட்டையில் இருந்த பையனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன. செக்யூரிட்டி அட்டையைப் பார்த்தான், தங்கராசுவைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

“போ, போ. பின்னால ஆளு நிக்குது.”